தொட்டால் ஒட்டிக்கொள்ளும் ரேடியோ

அப்பாவின் ரேடியோவைப் பரணிலிருந்து இறக்கிப் பிரித்தபோது அதன் முதுகில் ஒரு நகைக்கடை விளம்பரம் ஒட்டியிருந்தது. தாள் கையோடு வந்துவிட்டது, எழுத்து மட்டும் தங்கிவிட்டது. ‘செய்கூலி சேதாரம் இல்லை’ என்று, கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி, சாம்பல் நிற உடம்பில் கறுப்பாக அச்சாகியிருந்தது. சேதாரம் என்னவோ ரேடியோவுக்குத்தான்.

2017-இல் பிபிசியின் தமிழோசை வானொலி ஒலிபரப்பு நின்றபோது, இனி இதற்கு வேலையில்லை என்று அப்பாவே எடுத்துக் கொடுத்தார். பேட்டரியைக் கழற்றி, பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டிப் பத்திரமாக வைத்தவன் நான். அந்தப் பத்திரம்தான் அதைக் கெடுத்தது என்று தெரிய ஆறு வருடம் ஆனது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் கரண்ட் போய் இரண்டாம் நாள், செல்போனில் சிக்னலும் போய்விட்டது. அப்பா, “அந்த ரேடியோ எங்கடா?” என்றார். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பரணில் ஏறினேன். ரப்பர் பேண்ட் காய்ந்து சேமியா மாதிரி பொடிந்து விழுந்தது. அதே ஆறு வருடத்தில் உள்ளே இருந்த ரேடியோ நேர்மாறாக இளகிப் போயிருந்தது. எடுத்த கையில் கட்டைவிரல் ஒட்டிக்கொண்டது. விரலை விடுவித்தால் ‘சப்’பென்று ஒரு சத்தம். விரல் இருந்த இடத்தில் என் ரேகை அப்படியே பள்ளமாகப் பதிந்திருந்தது. பக்கவாட்டில் இரண்டு முடி, ஒரு செத்த எறும்பு.

இரண்டு பென்சில் செல் போட்டதும் பாடியது. அதுவரைக்கும் நல்லது. அப்பா அதைக் கைக்குட்டையில் பிடித்துக்கொண்டு செய்தி கேட்டார். மறுநாள் கைக்குட்டையின் நூல் எல்லாம் ரேடியோவில் இருந்தது.

தண்ணீர் வடிந்து வீடு ஒரு நிலைக்கு வந்ததும் அதைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். ‘சுத்தம் செய்ய’ என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. அது அழுக்கு என்றுதான் நினைத்தேன். அதனால் அழுக்குக்கு என்னென்ன செய்வோமோ அத்தனையும் செய்தேன்.

முதலில் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தேன். துடைத்த ஈரத்தில் வழவழப்பாக இருந்தது, காய்ந்ததும் பழைய கதை. அம்மா, “பலாப்பழம் நறுக்கினா கையில ஒட்டுற பிசின் எதுல போகும்? எண்ணெயைத் தடவுடா” என்றார். நியாயமான யோசனையாகப் பட்டது. தேங்காயெண்ணெய் தடவினேன். பிசின் கொஞ்சம் இளகி நகர்ந்தது உண்மை. ஆனால் எங்கும் போகாமல் எண்ணெயோடு குழைந்து, கிரில் ஓட்டைகளின் ஓரத்தில் போய் ஒதுங்கியது. பலாப் பிசின் கையின் மேல் ஒட்டிய வேறொரு பொருள். இங்கே ஒட்டுவது ரேடியோவின் தோலே என்பது அம்மாவுக்கும் எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

அடுத்தது முகப்பவுடர். இதைப் பலர் சொல்வார்கள், ஒரு பலனும் உண்டு. பவுடரைக் கொட்டிப் பஞ்சால் தேய்த்தால் பிசுபிசுப்பு உடனே அடங்கும். புயல் மாதிரி அவசரத்தில் இது போதும். எனக்கு நான்கு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் பவுடரையும் விழுங்கிவிட்டு மறுபடி ஒட்ட ஆரம்பித்தது, வெள்ளைத் திட்டுகளோடு.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மகளின் மேஜையில் நெயில் பாலிஷ் ரிமூவர் இருந்தது. பாலிஷையே கரைக்கிறதே, இதைக் கரைக்காதா என்று ஒரு கணக்கு. ஏதோ நல்ல நேரம், முதலில் ரேடியோவில் கை வைக்காமல், அதே வியாதி பிடித்துக் கிடந்த ஒரு பழைய மவுஸில் பார்ப்போம் என்று தோன்றியது. பஞ்சில் ஊற்றி மவுஸின் இடுப்பில் தேய்த்தேன். பிசின் அரை நிமிடத்தில் போனது. ஆகா என்று இன்னும் கொஞ்சம் ஊற்றி அழுத்திப் பிடித்தேன். பஞ்சை எடுத்தால் வரவில்லை. இழுத்தேன். பஞ்சின் நார்கள் மவுஸில் நின்றுவிட்டன. பிசின் போய் அடியிலிருந்த கெட்டி பிளாஸ்டிக் குழைந்து, நார்களைக் கவ்விக்கொண்டு மறுபடி இறுகிவிட்டது. இப்போதும் அந்த மவுஸ் இருக்கிறது, மீசை வைத்த எலி மாதிரி.

அந்த ரிமூவரில் இருந்தது அசிட்டோன். மவுஸ், ரேடியோ, ரிமோட் போன்றவற்றின் உடம்பு பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். அசிட்டோன் அதைக் கரைத்தே விடும். பாலிகார்பனேட் என்றால் கரையாவிட்டாலும் வெளிறி, நுண்ணிய விரிசல் விடும். பெயின்ட் கடைத் தின்னரும் இதே வேலையைத்தான் செய்யும். பாட்டிலில் ‘அசிட்டோன் இல்லாதது’ என்று போட்டிருந்தாலும் நம்பி ஊற்ற வேண்டாம். அதில் வேறு கரைப்பான் இருக்கும், அதுவும் பிளாஸ்டிக்குக்கு ஆகாமல் போகலாம்.

மவுஸ் கற்றுக்கொடுத்த பாடத்தோடு ரேடியோவை ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் குடல் மாதிரி நீளும் தெரு. ஒரு சின்னக் கடையில், மைக்ராஸ்கோப்புக்கு அடியில் போர்டு வைத்து சால்டரிங் செய்துகொண்டிருந்த இளைஞரிடம் நீட்டினேன்.

“தம்பி, இந்த அழுக்கு எதுல போகும்?”

வாங்கிப் பார்த்துவிட்டு, பேட்டரி மூடியைத் திறந்து அதன் ஓரத்தில் நகத்தால் ஒரு கீறு கீறினார். சுருண்டு வந்ததை விரலில் உருட்டினார். அடியில் பளபளவென்று கெட்டி பிளாஸ்டிக் தெரிந்தது.

“சார், இது அழுக்கு இல்ல, பெயின்ட். பெயின்ட்டே செத்துப்போச்சு. தொடைச்சா போகாது, மொத்தமா உரிச்சு எடுக்கணும். ஐபிஏ வாங்கிக்கோங்க.”

“நீங்களே பண்ணித் தரீங்களா?”

“பண்ணலாம் சார். நாலு மணி நேரம் ஆகும். ரேடியோ வெலையவிட கூலி அதிகமாயிடும், பரவாயில்லையா?”

ஐபிஏ என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அதில் அரை லிட்டர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நகக் கீறலைத்தான் இந்தத் தொழிலின் முதல் படி என்று இன்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஓரமாகப் பார்த்து நகத்தால் கீற வேண்டும். மெல்லிய தோல் சுருண்டு வந்து அடியில் கெட்டி பிளாஸ்டிக் தெரிந்தால் அது பூச்சு, உரித்தெடுக்கலாம். நகம் உள்ளே உள்ளே அமுங்கிக்கொண்டே போனால் அந்தப் பாகமே முழு ரப்பர். உரிக்க அங்கே தோல் என்று தனியாக ஒன்று கிடையாது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இது தெரியாமல்தான் பின்னால் என் பைனாகுலரிடம் மாட்டினேன், அதை அப்புறம் சொல்கிறேன்.

‘ரப்பர் கோட்டிங்’ என்று நாம் சொல்லும் இந்தப் பூச்சில் ரப்பர் மரத்துப் பால் ஒரு சொட்டுகூட இல்லை. பெரும்பாலும் இது பாலியூரித்தேன் வகைப் பெயின்ட். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவும் உருவாக்கிய பொருள். மெத்தை நுரை, செருப்பின் அடி, ரெக்சின் பை, மர வார்னிஷ் என்று நம்மைச் சுற்றி இருப்பதில் பாதி அந்தக் குடும்பம்தான். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டிலும் எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்கு இதைப் பூசுவது ஒரு மோகமாகவே இருந்தது. தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும், கையில் வழுக்காது, சாதாரண பிளாஸ்டிக்கும் விலை கூடியதுபோலத் தெரியும். அப்பா இந்த ரேடியோவை வாங்கிய புதிதில் அதைத் தடவிக்கொண்டே இருப்பார்.

இந்த வகைப் பூச்சுகள் பலவற்றில் மூலக்கூறுச் சங்கிலியை எஸ்டர் பிணைப்புகள் கோத்து வைத்திருக்கும். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பிணைப்பை ஒவ்வொன்றாக அறுக்கும். பள்ளிக்கூடத்தில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதுதான். நீண்ட சங்கிலி துண்டு துண்டானால் கெட்டித்தோல் பிசினாகிவிடும். போதாக்குறைக்கு, அறுபடும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் அமிலம் பிறக்கிறது. அந்த அமிலம் அடுத்த பிணைப்பு அறுபடுவதை வேகப்படுத்துகிறது. ஒரு கரண்டி புளித்த மாவு புதுமாவையும் புளிக்க வைக்கிற மாதிரி. பத்து வருடம் நன்றாக இருந்த சாமான் திடீரென்று ஒரு மழைக்காலத்தில் படுத்துவிடுவது இதனால்தான்.

இப்போது நான் வைத்த லட்சணத்தைப் பாருங்கள். கடலோர ஊரின் ஈரம். மொட்டைமாடிக்கு நேர் அடியில், மே மாதத்தில் அடுப்பாகிற பரண். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செய்தித்தாள். அந்த ஈரம் வெளியே போகாமல் காற்றை அடைக்கும் பிளாஸ்டிக் கவர். ஊறுகாய் போட்டால்கூட இவ்வளவு அக்கறையாகப் போட்டிருக்க மாட்டேன்.

ஒலிநாடாவுக்கும் இதே நோய் உண்டு. எழுபது எண்பதுகளில் வந்த சில வகை ஸ்டுடியோ நாடாக்களில் காந்தத் துகளைப் பிடித்து வைக்கும் பசை இதே பாலியூரித்தேன் இனம். ஈரத்தில் இளகி, ஓடவிட்டால் கிரீச்சிட்டு ஹெட்டில் அப்பிக்கொள்ளும். காப்பகங்களில் அதை 50 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலான சூட்டில் மணிக்கணக்கில் வைத்து எடுத்து, சரியாக இருக்கும் கொஞ்ச நாளுக்குள் நகல் எடுத்துவிடுவார்கள். இதைப் படித்துவிட்டு யாராவது ரேடியோவை மைக்ரோவேவில் வைத்துவிடாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியில் உட்கார்ந்தேன். வீட்டுக்குள் வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் பூஜையறை விளக்கு. ஐபிஏ நம் ஊர்ச் சூட்டில் மூடியைத் திறந்ததுமே ஆவியாகும், அந்த ஆவி தீப்பற்றும். விளக்கு, கொசுவர்த்தி, அடுப்பு, சிகரெட் எதுவும் அக்கம்பக்கத்தில் இருக்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கைக்குப் பரோட்டாக் கடையில் மாட்டுகிற பிளாஸ்டிக் உறையே போதும்.

துணிக்கு அப்பாவின் பழைய வேட்டி. பருத்தி என்பதால் கரைப்பானில் பாழாகாது, நாரும் அதிகம் விடாது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முப்பது துண்டு கிழித்துக்கொண்டேன். முப்பது எதற்கு என்று மனைவி கேட்டார். மதியத்துக்குள் இன்னொரு பத்து கிழிக்க வேண்டியதாயிற்று.

தொடங்குமுன் ரேடியோவை ஆறு பக்கமும் போட்டோ எடுத்தேன். இது எனக்கு யாரும் சொல்லாமலே தோன்றிய ஒரே நல்ல யோசனை. பட்டன்களின் பெயர், அலைவரிசை மாற்றும் இடம், காதொலி ஓட்டை எல்லாம் அந்தப் பூச்சின் மேல்தான் வெள்ளையில் அச்சிட்டிருந்தார்கள். தோல் போனால் எழுத்தும் போகும். அலைவரிசை எண்கள் தெரியும் ஜன்னல் தனி. அது அக்ரிலிக் மாதிரித் தெளிவான பிளாஸ்டிக், ஆல்கஹால் பட்டால் நுண்விரிசல் விடலாம். அதன் மேல் செலோ டேப் ஒட்டினேன். ஸ்பீக்கர் ஓட்டைகள் மேலும் ஒட்டினேன், கரைந்த பிசின் உள்ளே வழிந்து கோன் காகிதத்தில் படக் கூடாது.

ஐபிஏவை ரேடியோ மேல் ஊற்றக் கூடாது. துணியில் ஊற்றி, முதுகுப்பக்கம் முழுவதும் படும்படி போர்த்தி, காய்ந்துவிடாமல் மேலே ஒரு பாலிதீன் தாளை மூடி ஐந்து நிமிடம் விட்டேன். இந்த ஐந்து நிமிடம் காத்திருக்க மனசில்லாமல் தேய்ப்பவர்கள்தான் ‘ஐபிஏவும் வேலைக்காகவில்லை’ என்பார்கள். எடுத்துவிட்டு ஒரே திசையில் அழுத்தி இழுத்தால் தோல் கறுஞ்சாம்பல் குழம்பாகத் துணியோடு வருகிறது. நகைக்கடை முதல் இழுப்பிலேயே போய்விட்டது.

முதல் அரை மணி நேரம் சாமான் முன்னைவிட மோசமாகத் தெரியும். பாதி கரைந்த பிசின் இங்கிருந்து அங்கே பரவி, காய்ந்தால் கோடுகோடாக நிற்கும். நான் அந்த இடத்தில் கெடுத்துவிட்டோமோ என்று நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன். பிழை என்னவென்று அப்புறம்தான் புரிந்தது. அழுக்கேறிய துணியையே திருப்பித் திருப்பிப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். எடுத்த பிசினைத் திரும்ப அதன் மேலேயே பூசுகிறோம். ஒரு துண்டுக்கு நாலு இழுப்பு, அதற்கு மேல் கிடையாது என்று வைத்துக்கொண்ட பிறகு வேலை மளமளவென்று நகர்ந்தது.

சமதளம் சுலபம். நேரம் தின்பது மூலைமுடுக்கு. இரண்டு பாதி உடம்பும் சேரும் இடுக்கு, பட்டன்களைச் சுற்றிய வளையம், திருகு உட்காரும் பள்ளம். முதலில் குண்டூசி எடுத்தேன், கீறல் விழுந்தது. அம்மா துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் கொடுத்தார். நுனியைக் கடித்துத் தூரிகை மாதிரி ஆக்கி, ஐபிஏவில் நனைத்து இடுக்கில் ஓட்டினால் பிசின் நூல் நூலாகச் சுருண்டு வெளியே வருகிறது. பிளாஸ்டிக்கில் ஒரு கோடும் விழவில்லை. காது குடையும் பஞ்சுக் குச்சியைவிட இது மேல், அதில் பஞ்சு பிரிந்து ஒட்டிக்கொள்ளும். கடித்த நுனியை ஐபிஏவில் நனைத்த பிறகு மறதியாக மறுபடி வாயில் வைத்துவிடாதீர்கள், நான் வைத்தேன்.

மூன்றில் இரண்டு பங்கு முடிந்தபோது ஐபிஏ தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, ரிச்சி தெரு லீவு. அப்போதுதான் 2020-இல் வாங்கி மீந்துபோன சானிடைசர் கேன் கட்டிலுக்கடியில் இருப்பது நினைவு வந்தது. லேபிளைப் படித்தேன்: ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 75 சதவீதம், கூடவே கொஞ்சம் கிளிசரினும் ஹைட்ரஜன் பெராக்சைடும். உலக சுகாதார நிறுவனம் கொடுத்த செய்முறைகளில் ஒன்று. தண்ணீர் கலந்திருப்பதால் கொஞ்சம் மெதுவாக வேலை செய்தது, ஆனால் சீக்கிரம் காயாமல் நின்றது என்பதால் ஊறவைக்க அதுவே வசதியாகவும் இருந்தது. கடைசியில் கிளிசரின் வழவழப்புப் போக ஒரு ஈரத்துணியால் துடைத்தால் சரி. தண்ணீராக ஓடுகிற சானிடைசர்தான் இதற்கு ஆகும், கொழகொழ ஜெல்லை இடுக்கில் விட்டால் அதை எடுக்கத் தனி வேலை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டும் பெரும்பாலும் உதவும். லேபிளில் எத்தில் ஆல்கஹாலோ ஐசோபுரொப்பைலோ இருக்கிறதா என்று பார்த்து, மறைவான ஓரத்தில் சோதித்துவிட்டு இறங்கலாம்.

மாலை நாலரைக்கு முடிந்தது. உள்ளேயிருந்து வந்தது பளபளக்கும் கறுப்பு ரேடியோ. சாம்பல் நிறம் பூச்சின் நிறம் மட்டும்தான், இருபது வருடமாக நாங்கள் பார்த்தது அதன் சட்டையை. பிசின் துணிகளை வாஷிங் மெஷினில் போடாமல் வெளியே காயவிட்டுக் குப்பையில் போட்டேன்.

இந்த வெற்றியின் திமிரில் அடுத்த வாரம் பைனாகுலரை எடுத்தேன். வேடந்தாங்கல் சீசன் போய்க்கொண்டிருந்தது. அதன் மேலுறையும் லேசாக ஒட்ட ஆரம்பித்திருந்தது. நகக் கீறல் சோதனையை மறந்து நேராக ஐபிஏ துணியைப் போர்த்தினேன். பத்து நிமிடத்தில் உறை உப்பி, ஓரத்தில் பசை விட்டுத் தூக்கிக்கொண்டது. அது பூச்சு அல்ல, இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு வார்த்த முழு ரப்பர் கவசம். ஊறவைத்தால் அது கரைப்பானைக் குடிக்கும், அவ்வளவுதான். நல்லவேளையாக ஒரு நாள் காற்றாட விட்டதும் உப்பல் அடங்கியது, தூக்கிய ஓரத்தை ரப்பர் பசை தொட்டு ஒட்டினேன்.

இந்த மாதிரி முழு ரப்பருக்கு ஆப்ப சோடாதான் எனக்குக் கைகொடுத்தது. ரெண்டு ஸ்பூன் சோடாவில் சொட்டுத் தண்ணீர் விட்டு விபூதி குழைக்கிற பதத்துக்குக் குழைத்து, விரலால் வட்ட வட்டமாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தேன். சோடாவின் மென்மையான அரம் மேலே இளகிய அடுக்கை மட்டும் எடுத்துவிடுகிறது, அமிலத்தையும் கொஞ்சம் முறிக்கும். லென்ஸ் பக்கம் ஒரு பருக்கைகூடப் போகாமல் முதலில் மூடிவிட வேண்டும், கண்ணாடிப் பூச்சைக் கீறிவிடும். முடிவில் மெல்லியதாகப் பவுடர். முழுக்கச் சரியானது என்று சொல்ல மாட்டேன். வெயிலில் அரைமணி பிடித்தால் இன்னும் லேசாக ஒட்டுகிறது. கழுத்தில் மாட்டிக்கொண்டு நாரையைப் பார்க்க அது போதும்.

அதே உற்சாகத்தில் என் கல்லூரிக் காலக் கேசட் பிளேயரையும் திறந்தேன். மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் பெல்ட் இருந்த இடத்தில் தார் இருந்தது. சாலை போடும் தாரேதான், அதே கறுப்பு, அதே ஒட்டல். விரலில் பட்டதை மேஜையில் வைத்து, மேஜையில் பட்டதைச் சட்டையில் வைத்து, மூக்கு அரித்தபோது மூக்கிலும் வைத்து, மகள் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். பெல்ட் உருகியிருந்தால் முதலில் குச்சியால் வழித்தெடுத்துவிட்டுப் பிறகுதான் ஆல்கஹால். நேராக ஊற்றினால் தார் கரைந்து பேரிங்குக்குள் இறங்கிவிடும். பள்ளம் பளிச்சென்று ஆனதும், பெல்ட் ஓடும் பாதையின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைந்த புதியதை மாட்ட வேண்டும். பழையதுதான் உருகிவிட்டதே, எப்படி அளப்பது? சக்கரங்களைச் சுற்றி ஒரு நூலை ஓட்டி அளந்து, அதில் 5 சதவீதம் குறைத்துக்கொண்டேன்.

எல்லா ரப்பரையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது என்பதற்கு ரிமோட் இன்னொரு சாட்சி. அதன் பட்டன்களோடு சேர்ந்த ரப்பர் விரிப்பு சிலிக்கோன். அது இப்படி அழுகாது. வருடக்கணக்கில் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைக் கசியவிடும், அதனால் பட்டன் வேலை செய்யாமல் போகும். கழற்றிச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தால் தீர்ந்தது.

பாலியூரித்தேன் அடி வைத்த ஷூவும் இந்தச் சாதியே. கல்யாணத்துக்கு வாங்கி, விசேஷத்துக்கு மட்டும் என்று டப்பாவில் வைத்திருந்த ஷூவை ஒரு வரவேற்புக்குப் போட்டுப் போனேன். மேடை ஏறுவதற்குள் அடி கேக் மாதிரி உதிர்ந்து, சிவப்புக் கம்பளம் முழுக்க என் வருகையைப் பதிவு செய்துவிட்டது.

இப்போது பரணில் எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. அலமாரியின் நடுத்தட்டில், காற்றோட்டத்தோடு, பேப்பரும் கவரும் சுற்றாமல் பருத்தித் துணி மட்டும் போர்த்தி வைத்திருக்கிறேன். மருந்து டப்பாக்களிலும் புதுப் பைகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் போடுகிறேன். பாச்சா உருண்டை அந்தத் தட்டுக்கு வரக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். இதையெல்லாம் செய்தாலும் பூச்சு ஒரு நாள் இளகத்தான் போகிறது, கொஞ்சம் தள்ளிப்போடலாம். அதனால் புதிதாக எது வாங்கினாலும் தொட்டுப் பார்க்கிறேன். வெல்வெட் மாதிரி இருந்தால் திருப்பி வைத்துவிடுகிறேன். கடைக்காரர், “பிரீமியம் ஃபினிஷ் சார்” என்பார். தெரியும்.

ரேடியோ விஷயத்தில் ஒரு சிக்கல் மீதி இருந்தது. எழுத்தெல்லாம் போய்விட்டதால் அப்பாவுக்கு எது ஆன், எது அலைவரிசை என்று தெரியவில்லை. போட்டோவைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டு பார்க்கிற பொறுமை அவருக்கு இல்லை. கடைசியில் அம்மாதான் தீர்த்துவைத்தார். தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து பெரிய சிவப்புப் பொட்டை ஆன் பட்டன் மேலும், சின்ன மெரூன் பொட்டை அலைவரிசைக் குமிழ் மேலும் ஒட்டினார். இருட்டிலும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. அப்பா அதற்குப் பழகியும்விட்டார்.

இந்த மே மாதச் சூட்டில் அந்தப் பெரிய பொட்டின் பசை ஓரமாக இளகிக் கசிய ஆரம்பித்திருக்கிறது. நேற்று அப்பா ரேடியோவை அணைத்துவிட்டுக் கையைப் பார்த்தார். கட்டைவிரலில் பொட்டு.